ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போகும் தம்பதிக்கு: விசா முதல் ஊர் திரும்பும் வரை

தம்பி சிட்னியில் இருக்கிறான், சித்தி மகள் மெல்பர்னில், கூடப் படித்த நண்பர் பிரிஸ்பேனில். ‘எப்ப வர்றீங்க?’ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறார்கள். சரி, இந்த வருடம் போய்விடலாம் என்று கணவனும் மனைவியுமாக முடிவெடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. முதல் தடவை போகிறவர்கள் விசாவையும் டிக்கெட்டையும் நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அவை இரண்டும் பொறுமையாக உட்கார்ந்தால் முடிந்துவிடுகிற வேலைகள். பயணம் நன்றாக அமைவதும் அலுத்துப்போவதும், இன்னொருவர் வீட்டில் மூன்று நான்கு வாரம் எப்படி இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லீவில் இருப்பது நாம் மட்டும்தான். அவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், இரவு எட்டு மணிக்குள் தூங்க வைக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு நாள்களைப் பங்கு போட்டீர்கள் என்றால் அவர்களுக்கும் சுமை இருக்காது, உங்களுக்கும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து டிவி பார்க்கிற நிலைமை வராது.

எப்போது போவது, எந்தெந்த ஊர்

தேதியை டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போகிற வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கே பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது வீட்டார் லீவு போட வசதிதான், ஆனால் டிக்கெட் விலை ஏறியிருக்கும், அவர்களே ஊருக்கு வருகிற காலமும் அதுதான். என்னைக் கேட்டால் மார்ச்–ஏப்ரல், அக்டோபர்–நவம்பர் இரண்டும் நல்ல காலம். வெயிலும் கடுமை இல்லை, குளிரும் தாங்கும். மெல்பர்ன், கான்பெரா பக்கம் குளிர்காலத்தில் போனால் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம் என்று தோன்றும், ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் சாக்ஸும் ஸ்வெட்டரும் வீட்டுக்குள் போடுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுங்கள்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற ஊர்கள் பக்கத்தில் இல்லை. சிட்னியிலிருந்து மெல்பர்ன் சாலை வழியாக 880 கிலோமீட்டர் அளவில் வரும், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சிட்னி–பிரிஸ்பேனும் 900 கிலோமீட்டருக்கு மேல். சிட்னியிலிருந்து பெர்த் போக விமானத்திலேயே 5 மணி நேரம் ஆகும், சென்னையிலிருந்து சிங்கப்பூர் போவதைவிட அதிகம். ஆகவே நாலு ஊரில் சொந்தம் இருக்கிறது, நாலையும் பார்த்துவிடலாம் என்று இறங்காதீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு இரண்டு ஊர், மிஞ்சினால் மூன்று. பெர்த்தில் யாராவது இருந்தால் அதைப் போகும்போதோ வரும்போதோ வழியில் வைத்துக்கொள்வது நல்லது, சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு 5 மணி நேர விமானம் உண்டு.

விசா

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது விசிட்டர் விசா, அதாவது சப்கிளாஸ் 600. அதில் சுற்றுலாப் பிரிவும் உண்டு, அங்கிருக்கும் குடும்பத்தார் ஸ்பான்சர் செய்கிற பிரிவும் உண்டு. ஸ்பான்சர் பிரிவில் அங்கிருப்பவரிடம் பிணைத்தொகை கேட்க வாய்ப்பு இருக்கிறது. வேலை, வருமானம், பென்ஷன் என்று கையில் கணக்கு காட்ட முடிகிறவர்களுக்குச் சுற்றுலாப் பிரிவே போதும், அழைப்புக் கடிதத்தையும் அதிலேயே சேர்க்கலாம். விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில், இம்மிஅக்கவுன்ட் என்ற அரசுத் தளத்தில். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம்; இரண்டையும் ஒரே குழுவாக இணைக்கலாம். கட்டணம் தலைக்கு 200 ஆஸ்திரேலிய டாலர் அளவில் இருக்கிறது, ஜூலை 1-ல் மாறுவது வழக்கம் என்பதால் கட்டும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி பார்க்கிற முக்கியமான விஷயம், நீங்கள் திரும்பி வருவீர்களா என்பது. அதற்கு வேலையில் இருந்தால் லீவு அனுமதிக் கடிதம், ஓய்வு பெற்றவர் என்றால் பென்ஷன் ஆவணம், வருமான வரி ரிட்டர்ன், ஆறு மாத வங்கிக் கணக்கு, சொந்த வீடு இருந்தால் அதன் பத்திரம், ஊரில் பிள்ளைகளோ பெற்றோரோ இருந்தால் அதையும் ஒரு பக்கக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டுவது வேண்டாத வேலை, அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். தமிழில் இருக்கும் திருமணச் சான்றிதழ், பட்டா போன்றவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும், மொழிபெயர்த்தவரின் பெயர், முகவரி, தகுதி அதில் இருக்க வேண்டும்.

நம்மூர் ஆட்களுக்கு வருகிற சிக்கல் பெயர். இனிஷியல் வழக்கத்தால் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருக்கும், மனைவி பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் வர வேண்டும். இரண்டு பேர் பெயரும் தொடர்பில்லாமல் இருந்தால் திருமணச் சான்றிதழை இணைத்துவிடுங்கள். அழைப்புக் கடிதத்தில் அங்கிருப்பவரின் முகவரி, அவர் குடியுரிமை பெற்றவரா நிரந்தர வசிப்புரிமை உள்ளவரா, உங்களுக்கு என்ன உறவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தங்கும் செலவு யாருடையது, இவ்வளவும் இருந்தால் போதும்.

விசா மின்னஞ்சலில் கடிதமாக வரும், பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் கிடையாது. அந்தக் கடிதத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். விசா ஒரு வருடத்துக்கு என்று போட்டிருக்கும், கீழே ‘ஒவ்வொரு முறை வந்திறங்கிய நாளிலிருந்தும் மூன்று மாதம்’ என்று இருக்கும். அதற்கு அர்த்தம், அந்த ஒரு வருடத்துக்குள் போய்வரலாம், ஆனால் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. 8101 என்ற நிபந்தனை இருந்தால் வேலை செய்யக் கூடாது. 8503 இருந்தால் அங்கிருந்தபடியே வேறு விசாவுக்கு மாற முடியாது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அதற்குக் கூடுதலாகச் சில வாரம் ஒதுக்குங்கள். விசா கைக்கு வரும் வரை, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

டிக்கெட்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாகப் போவதுதான் நமக்கு வசதி. சென்னை–சிங்கப்பூர் நாலரை மணி, அங்கிருந்து மெல்பர்னுக்கு ஏழரை மணி, சிட்னிக்கு எட்டு மணி அளவில். திருச்சி, கோவைக்காரர்கள் சென்னைக்கு வர வேண்டியதே இல்லை, சிங்கப்பூருக்கு அங்கிருந்தே ஏறலாம்.

மூன்று விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டு ஊர் போவதென்றால் சிட்னியில் இறங்கி மெல்பர்னில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுங்கள்; திரும்ப சிட்னிக்கு வந்து ஏறுவதால் ஒரு உள்ளூர் டிக்கெட்டும் ஒரு நாளும் வீணாகும். வழியில் மாறுகிற இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும், அப்போதுதான் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுகிற பொறுப்பு அவர்களுடையது. மூன்றாவது, சனிக்கிழமை காலையில் போய் இறங்குகிற மாதிரி பாருங்கள். வேலை நாளில் விடியற்காலை வந்திறங்கினால் அழைத்துப்போக வருகிறவர் லீவு போட வேண்டியிருக்கும், சனிக்கிழமை என்றால் இரண்டு நாள் சேர்ந்திருந்து வீட்டையும் தெருவையும் பழகிக்கொள்ளலாம்.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே குறிப்பிடுங்கள், 24 மணி நேரத்துக்கு முன்னால் வரைதான் பொதுவாக மாற்ற விடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். நீண்ட விமானத்தில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், கால் வீங்குகிறவர்கள் அழுத்தச் சாக்ஸ் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ், மாத்திரை

இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்குள்ள மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டம் இந்தியாவிலிருந்து போகும் விருந்தினர்களுக்குக் கிடையாது, சில நாடுகளோடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தாலே ஆயிரக்கணக்கான டாலர். சிட்னி, மெல்பர்னில் ஆம்புலன்ஸுக்கும் பில் வரும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பழைய ஸ்டென்ட் எதையும் மறைக்காமல் சொல்லி, அதற்கும் பொருந்துகிற பாலிசியாக எடுங்கள். மறைத்துவிட்டு எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதம்.

மாத்திரைகள் மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். அட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் போடாமல், கடையில் வாங்கிய உறையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கும்படி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நம்மூர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. லேகியம், சூரணம் எடுத்துப்போனால் அதையும் விமானத்தில் கொடுக்கும் கார்டில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். அவசரத்துக்கு 000. அவ்வளவு அவசரமில்லாத சந்தேகத்துக்கு 1800 022 222 என்ற எண்ணில் எந்நேரமும் ஒரு நர்ஸிடம் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மூன்று எண்ணையும் இருவர் போனிலும் போட்டுவையுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது

பெட்டி கட்டும்போதுதான் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலியா தன் பயிர்களையும் கால்நடைகளையும் நோய் வராமல் காக்க மிகக் கடுமையான விதிகள் வைத்திருக்கிறது. விமானத்தில் ஒரு கார்டு கொடுப்பார்கள். உணவு, விதை, செடி, விலங்குப் பொருள், மரச்சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். சந்தேகம் என்றால் ‘ஆம்’ என்று டிக் செய்யுங்கள். ‘ஆம்’ போட்டு, அதிகாரி பார்த்து, ஆகாது என்றால் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், அபராதம் கிடையாது. ‘இல்லை’ என்று போட்டுவிட்டு பெட்டியில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விழலாம், விசாவையே ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. மோப்ப நாய்களும் ஸ்கேனரும் இருக்கின்றன, ‘அடியில வச்சா தெரியாது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேண்டவே வேண்டாதவை: பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, முழுத் தேங்காய், வெற்றிலை, மாவிலைத் தோரணம், கோயில் பிரசாதமாகத் தந்த பூ, தோட்டத்தில் போடச் சொல்லி அம்மா கொடுத்துவிடும் கீரை விதையும் முருங்கை விதையும். பால் சேர்த்த இனிப்பு எதுவும் கூடாது. பால்கோவா, பேடா, பர்பி, குலாப் ஜாமூன் எல்லாம் அதில் அடங்கும். இந்தியாவில் கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் இருப்பதால் இந்தத் தடை. விமானத்தில் சாப்பாட்டோடு தந்த ஆப்பிளைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை இறங்குவதற்கு முன் எடுத்து விமானத்துக் குப்பைப் பையிலேயே போட்டுவிடுங்கள். செருப்பு, ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தால் ஊரிலேயே கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

முறுக்கு, சீடை, கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி போன்றவற்றைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஒரு யோசனை: சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி, பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். அதிகாரி கேட்டால் அந்த ஒரு பையை எடுத்துக் காட்டினால் முடிந்தது, புடவையையெல்லாம் மேசையில் கொட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருப்பு, புளி, அப்பளம், இட்லி அரிசி எல்லாம் சிட்னி, மெல்பர்னில் தாராளமாகக் கிடைக்கின்றன. சிட்னியில் ஹாரிஸ் பார்க், வென்ட்வொர்த்வில், மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் போனால் நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும். பத்து கிலோ மளிகையைச் சுமந்துபோவதைவிட, ‘என்ன வேணும், வாயைத் திறந்து சொல்லு’ என்று கேட்டு அதை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம், பருத்தித் துணி, மூக்குக் கண்ணாடி, தைக்கக் கொடுத்த ஜாக்கெட் என்று அங்கே கிடைக்காததாகவோ விலை அதிகமானதாகவோ இருக்கும். பரிசுப்பொருள்கள் தலைக்கு 900 டாலர் மதிப்பு வரை வரி இல்லை, 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தால் சொல்ல வேண்டும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், பிளக் மட்டும் வேறு. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும்

சிம் வாங்கும்போது கணவருக்கு ஒன்று போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். இருவருக்கும் தனித்தனி சிம், தனித்தனி ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய வங்கி கார்டு), பாஸ்போர்ட்டின் நகல் இருவர் போனிலும். ரயில் கூட்டத்தில் ஒருவர் ஏறி ஒருவர் நின்றுவிட்டால் அன்றைக்குத் தெரியும் இதன் அருமை. அங்கே 3ஜி சேவையை 2024-ல் முழுக்க நிறுத்திவிட்டார்கள், பழைய போன்களில் சில அங்கே அழைப்பே போகாது; 4ஜியில் பேசும் வசதி உள்ள போனாகப் பார்த்து எடுத்துப்போங்கள்.

சிட்னியில் ரயில், பஸ், ஃபெர்ரி எல்லாவற்றிலும் வங்கி கார்டையே தட்டி ஏறலாம். ஒரே கார்டை இரண்டு பேருக்கும் தட்ட முடியாது, அதற்காகவும்தான் இரண்டு கார்டு. இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள். மெல்பர்னில் மைக்கி என்ற அட்டை, தலைக்கு ஒன்று. நகர மையத்துக்குள் டிராம் இலவசம். பிரிஸ்பேனில் 2024-லிருந்து ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான்.

நேரக் கணக்கு: சிட்னியும் மெல்பர்னும் நம்மைவிட நாலரை மணி முன்னால், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி. பிரிஸ்பேன் எப்போதும் நாலரைதான், பெர்த் இரண்டரை. முதல் நாள் பகலில் தூங்காமல் சமாளித்துவிட்டால் இரண்டாம் நாளே உடம்பு ஒத்துக்கொள்ளும்.

அவர்கள் வீட்டில்

முதல் மாலையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. குளிக்கிற இடத்துக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தண்ணீர் போகக் கூடாது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, பெரும்பாலான நம்மவர் வீடுகளில் மக் வைத்திருப்பார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். குப்பைத் தொட்டியில் பெரும்பாலான இடங்களில் மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு, சிவப்பு மூடி மற்ற குப்பைக்கு, பச்சை மூடி செடிகொடிக் கழிவுக்கு. மாற்றிப் போட்டால் வீட்டாருக்குத்தான் தொல்லை.

தாளிக்கும்போது கவனம் வேண்டும். மிளகாய் வற்றல் கருகினால் புகை அலாரம் அலறும். அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேனை எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே போடுங்கள். அப்பார்ட்மென்ட்டாக இருந்தால், புகை வந்தால் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் திறங்கள், வாசல் கதவைத் திறக்காதீர்கள். புகை பொது நடைவழிக்குப் போய்விட்டால் கட்டடத்தின் அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டியே வந்துவிடும், வீண் அழைப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வீட்டார் தலையில் விழக்கூடும்.

கார் விஷயமும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். இரண்டு குழந்தை இருக்கிற வீட்டில் பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கை மாட்டியிருக்கும், நடுவில் ஒருவர் ஒடுங்கி உட்காரலாம். அவர்கள் இருவர், நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் ஒரே காரில் போகவே முடியாது, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே எல்லாரும் சேர்ந்து போகிற வெளியூர்ப் பயணத்துக்குப் பெரிய வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டு, அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் ஓட்டுபவருக்கும் அபராதம்.

பணத்தை நேரடியாகக் கையில் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள், சங்கடப்படுவார்கள். கூடக் கடைக்குப் போகும்போது மளிகை பில்லுக்கு உங்கள் கார்டைத் தட்டுங்கள், பெட்ரோல் போடுங்கள், நுழைவுச்சீட்டுகளை நீங்கள் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். இதையெல்லாம்விட அவர்களுக்குப் பெரிய உதவி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவுச் சாப்பாட்டை நீங்கள் செய்து வைப்பது. அலுவலகம் முடிந்து வரும்போது வத்தக்குழம்பு வாசம் வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் அவர்கள் சமையலறை, கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்காதீர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிற நாள் எது என்று தெரிந்துகொண்டு அன்றைக்கு நீங்கள் வெளியே போய்விடுவது உத்தமம், ஸ்பீக்கரில் ஊருக்குப் பேசுவதையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டால் உங்களை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு ஒரு சனி ஞாயிறும் மிஞ்சாது. அங்கே பொதுப் பூங்காக்கள் பலவற்றில் இலவசமாக மின்சார பார்பெக்யூ அடுப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு மதியம் எல்லாரையும் அங்கே வரச்சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரட்டும், பிள்ளைகள் ஓடியாடும், பார்க்க வேண்டிய அத்தனை பேரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சைவக்காரர்கள் ஃபாயில் விரித்தோ சொந்தக் கல்லை வைத்தோ சுட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் இருவரும் தனியாக

வேலை நாள்கள் உங்களுடையவை. பக்கத்து ரயில் நிலையத்துக்கு நடக்கிற வழியை முதல் ஞாயிறே கூட வந்து காட்டச் சொல்லுங்கள், திங்கள் முதல் நீங்களே கிளம்பலாம். சிட்னியில் பாரமட்டா பக்கம் தங்கினால் அங்கிருந்து ஆற்றிலேயே ஃபெர்ரியில் சர்குலர் கீ வரை போவது ஓர் அற்புதமான காலை. இறங்கினால் ஒரு பக்கம் ஓப்பரா ஹவுஸ், இன்னொரு பக்கம் துறைமுகப் பாலம். அங்கேயே மாறி மேன்லிக்கு அரை மணி நேர ஃபெர்ரி. சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து கட்டும்பாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம், ப்ளூ மவுன்டன்ஸில் ‘மூன்று சகோதரிகள்’ பாறைகளைப் பார்க்கக் காரே வேண்டாம். மெல்பர்னில் மாநில நூலகமும் என்ஜிவி ஓவியக் காட்சியகமும் இலவசம், இரண்டுக்கும் டிராமிலேயே போகலாம்.

மெல்பர்னுக்கு மேற்கே கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோடு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வருகிற ஒவ்வொரு விருந்தினரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்வந்து அலுத்தவர்கள் மெல்பர்ன்வாசிகள். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஓட்டுபவர் ஒடிந்துபோவார். டூர் பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் அப்போலோ பே பக்கம் ஓர் இரவு அறை எடுத்து இருவர் மட்டும் தங்குங்கள். பிலிப் தீவில் மாலையில் குட்டிப் பென்குவின்கள் கரையேறுவதைப் பார்க்கப் போனால், கோடையிலும் காற்று நடுக்கும், கம்பளி அவசியம். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் நம்மைப் போல இடது பக்கம்தான், ஆனால் வேக கேமராக்கள் எங்கும் உண்டு, பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் பெர்த்துக்கும் பழங்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது, வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். மேகமூட்டமான நாளிலும் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேண்டும், அங்கத்திய வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும்.

கோயில்களை வார இறுதிக்கு வையுங்கள். சிட்னி பக்கத்து ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும் மெல்பர்ன் பக்கத்து கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலும் நகரத்தைவிட்டுத் தள்ளி இருக்கின்றன, காரில் வீட்டாரோடு போவதுதான் நல்லது. சிட்னி முருகன் கோயில் மேஸ் ஹில்லில், வெஸ்ட்மீட் நிலையத்துக்குப் பக்கம்.

நண்பர் வீட்டுக்கு இரண்டு மூன்று இரவு போதும். இரண்டு அறை வீடாக இருந்தால் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு பகலெல்லாம் அவர்களோடு இருங்கள், முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்கு ஊர் மலிவு விமானத்தில் போகும்போது கைப்பைக்கு 7 கிலோதான் வழக்கமான அளவு, பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதையும் ஆன்லைனில் முதலிலேயே கட்டினால் குறைவு.

திரும்பும்போது

ஒரே கடையில் 300 டாலருக்கோ அதற்கு மேலோ ஏதாவது வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியது என்றால் 10 சதவீத ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், அதாவது கொடுத்த மொத்த விலையில் பதினொன்றில் ஒரு பங்கு. ரசீதும் பணம் கொடுத்த கார்டும் ஒருவர் பெயரில் இருக்கட்டும், அவரே போய்க் கேட்க வேண்டும். பொருள் கைப்பையில் இருந்தால் குடியேற்றச் சோதனை தாண்டியதும் இருக்கும் டிஆர்எஸ் (வரியைத் திருப்பித் தரும்) கவுன்டரில் காட்டலாம். கைப்பையில் கொண்டுபோக முடியாத பெரிய பொருளோ திரவமோ என்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே எல்லைக் காவல் அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே அந்தக் கவுன்டருக்குப் போய்விட வேண்டும். அங்கே வரிசை நீளமாக இருக்கும், அதனால் வீட்டில் விடைபெறுகிற நேரத்தை அரை மணி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.